முட்டுச்சந்தில் நின்ற ரயில்

தண்டவாளங்களின் கதை – 9

சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு அந்த நீளமான டிரெய்லர் லாரிகளைத் தெரியும். ஒரகடம் பக்கமிருந்து வரும். மேலும் கீழுமாக இரண்டு தட்டுகளில் புத்தம் புதுக் கார்கள் நிற்கும். கார்களின் மூக்கிலும் கதவிலும் ஒட்டிய வெள்ளைத் தாள் இன்னும் உரிக்கப்பட்டிருக்காது. கேட் மூடியிருந்தால் ஜி.எஸ்.டி. சாலையின் ஓரம்வரை வரிசை நீளும். எதிரே மின்சார ரயில் ஒன்று போகும், பின்னாலேயே கூட்ஸ் வண்டி ஒன்று வரும். கார் ஏற்றிய லாரி ரயிலுக்கு வழிவிட்டு நிற்பதை அங்கே நானும் பல தடவை பார்த்திருக்கிறேன். ரயில் ஏற்ற வேண்டிய பாரத்தை லாரி சுமந்துகொண்டு ரயிலுக்காகக் காத்திருக்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் மனம் உறுத்தும்.

ஒரகடம் தொழிற்சாலைகளின் கார்கள் எல்லாமே சாலையிலேயே வடக்கே போய்விடுவதில்லை. ஒரு பகுதி மேற்கே வாலாஜாபாத் ரயில் நிலையத்துக்குப் போகிறது. அங்கே கூட்ஸ் வண்டியில் ஏறி நாட்டின் வட கோடிவரை செல்கிறது. வாலாஜாபாத் இருப்பது செங்கல்பட்டு – அரக்கோணம் பாதையில். அந்தப் பாதையின் வடக்குப் பாதி, அதாவது அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரம் வரையிலான சுமார் 19 மைல், ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் மிகத் துணிச்சலான வியாபார முயற்சியாக இருந்தது. அது தோற்றது. தோற்ற கதைதான் இந்த வாரம்.

சென்ற இதழில் செங்குன்றம் கல் பாதையைப் பார்த்தோம். 1837இல் சென்னைச் சாலைகளுக்குச் செம்புறாங்கல் கொண்டுவரப் போட்ட பாதை அது. ஒரே சரக்கு, ஒரே வாடிக்கையாளர். சாலை வேலையின் தேவை தீர்ந்ததும் பாதையின் தேவையும் தீர்ந்தது. அரக்கோணம் – காஞ்சிபுரம் விஷயம் அப்படிப்பட்டதல்ல. காஞ்சிபுரத்தில் நெசவு உண்டு, சுற்றிலும் ஏரிப் பாசன நெல் உண்டு, வைகாசி கருட சேவைக்குத் திரளும் லட்சக்கணக்கான சனம் உண்டு. சரக்கும் ஆளும் இருந்த ஊருக்குப் போட்ட பாதை ஏன் தேறவில்லை என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் அன்றைய ரயில் கம்பெனிகள் எப்படிப் பிழைத்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். மதராஸ் ரயில்வே கம்பெனி 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் விட்டது. தெற்கே கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே நாகப்பட்டினத்தில் தொடங்கி 1862இல் திருச்சியைத் தொட்டது. இரண்டுமே லண்டன் கம்பெனிகள். போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி நிச்சயம் என்று இரண்டுக்கும் அரசு எழுதிக் கொடுத்திருந்தது. ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும், சரக்கு வந்தாலும் வராவிட்டாலும் பங்குதாரருக்கு ஐந்து வந்துவிடும். வருமானம் போதாவிட்டால் மீதியைக் கொடுப்பது இந்தியக் கருவூலம். கருவூலம் என்றால் நிலவரி கட்டிய குடியானவன்.

இந்த ஏற்பாட்டில் சிக்கனத்துக்கு இடமே கிடையாது. மைலுக்கு 8,000 பவுனில் முடிந்துவிடும் என்று தொடக்கத்தில் போட்ட கணக்கு, நாடு முழுவதும் பார்த்தால் இரு மடங்குக்கு மேல் போனது. செலவழித்த ஒவ்வொரு பவுனுக்கும் வட்டி நிச்சயம் என்னும்போது குறைத்துச் செலவழிக்க எந்த முதலாளிக்கு மனம் வரும்? இந்திய ரயில்வே மொத்தமாக அரசுக்கு லாபம் காட்டத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான். தாதாபாய் நௌரோஜியும் ரொமேஷ் சந்தர் தத்தும் எழுதி எழுதிக் கண்டித்தது இதைத்தான். நம் ஊரில் சுதேசமித்திரன் ஜி. சுப்பிரமணிய ஐயரும் கண்டித்தார்.

இந்த நிலையில்தான் 1860களின் தொடக்கத்தில் இந்தியன் டிராம்வே கம்பெனி வந்தது. வட்டி உத்தரவாதம் வேண்டாம், இலேசான பாதை போதும், மலிவாகப் போட்டு மலிவாக ஓட்டி லாபம் எடுக்கிறோம் என்றது. வங்காளத்தில் இதே எண்ணத்தோடு இன்னொரு கம்பெனி நல்ஹாட்டியிலிருந்து அசிம்கஞ்சுக்கு 4 அடிப் பாதை போட்டு 1863இல் ஓட்டியது. தெற்கே தேர்ந்தெடுக்கப்பட்டது அரக்கோணம் – காஞ்சிபுரம். பாதையின் அகலம் 3 அடி 6 அங்குலம். மதராஸ் ரயில்வேயின் அகலமோ 5 அடி 6 அங்குலம். 1865இல் காஞ்சிபுரத்துக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில்தான் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாகாணம் இதே 3 அடி 6 அங்குலத்தில் தன் முதல் ரயிலை விட்டது. ஜப்பான் 1872இல் இதே அகலத்தை எடுத்துக்கொண்டது. உலகத்தில் பல நாடுகள் பின்னால் கட்டிய குறுகிய பாதைக்குக் காஞ்சிபுரம் வெகு முன்னோடி. நம் பள்ளிப் பாடங்களில் இதைப் பற்றி ஒரு வரி இருந்திருக்கலாம்.

இனி கணக்குக்கு வருவோம்.

19 மைல் என்றால் சுமார் 30 கிலோமீட்டர். பார வண்டி மணிக்கு இரண்டு மைல் போகும். பொழுது சாய்ந்து மாட்டைப் பூட்டினால் விடியும் நேரத்துக்கு அரக்கோணம் வந்துவிடலாம். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு குடியானவன் சென்னைக்கு நெல் அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். அவனுக்கு இரண்டு வழி. ஒன்று, களத்து மேட்டிலேயே மூட்டையை வண்டியில் அடுக்கி நேரே அரக்கோணம் கொண்டுபோய் அங்கே மதராஸ் ரயில்வே வேகனில் ஏற்றுவது. இன்னொன்று, காஞ்சிபுரம் ஸ்டேஷனுக்கு வண்டியில் கொண்டுபோய், இறக்கி, சின்ன ரயிலில் ஏற்றி, அரக்கோணத்தில் மறுபடி இறக்கி, பெரிய ரயிலில் ஏற்றுவது. இரண்டு பாதைகளின் அகலமும் வேறு என்பதால் ஒரே வேகன் நேராகப் போக வழியில்லை.

விளங்குவதற்காகச் சில எண்களை நானே போட்டுக்கொள்கிறேன். நேரே போகும் வண்டிக்கு 6 அணா, அரக்கோணத்தில் ஏற்றுகூலி 1 அணா, ஆக 7. சின்ன ரயில் வழியில் களத்திலிருந்து காஞ்சிபுரம் ஸ்டேஷனுக்கு வண்டி வாடகை 2 அணா, ஏற்றுகூலி 1, ரயில் கட்டணம் 2, அரக்கோணத்தில் மாற்றுகூலி 1, ஆக 6. வண்டியைவிட மூன்றில் ஒரு பங்குக் கட்டணத்தில் ரயில் ஓட்டியும் குடியானவனுக்கு மிச்சம் ஒரே ஒரு அணா. அந்த ஒரு அணாவுக்காக இரண்டு இடத்தில் மூட்டை கைமாற வேண்டும். ஒவ்வொரு கைமாறலிலும் கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் காணாமல் போகும், மழைக்காலமென்றால் நனையும். வேகன் காலியாகக் கிடைக்கும்வரை ஸ்டேஷனில் காத்தும் கிடக்க வேண்டும்.

ஏற்றி இறக்கும் செலவு தூரத்தோடு ஏறுவதில்லை, குறைவதும் இல்லை. 20 மைலுக்கும் அதே கூலி, 500 மைலுக்கும் அதே கூலி. 500 மைலில் அது கரைந்துபோகும். 20 மைலில் அதுவே முழுச் செலவு. சரக்கு ரயிலின் லாபம் தூரத்தில் இருக்கிறது என்று ரயில்வேக்காரர்கள் இன்றும் சொல்வது இதனால்தான்.

வண்டிக்காரர் பக்கமிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். அறுவடை முடிந்த பிறகு தை, மாசியில் உழவு கிடையாது. மாடு கொட்டிலில் நின்றாலும் வைக்கோல் போட்டாக வேண்டும், வண்டி இழுத்தாலும் போட்டாக வேண்டும். ஆகவே அந்தப் பருவத்தில் அவர் வாங்கும் வாடகையில் பெரும்பகுதி அவருக்கு மிச்சம். ரயில் கட்டணத்தைக் குறைத்தால் அவரும் ஒரு அணா குறைத்துக்கொள்வார், நஷ்டம் வராது. நெல் அதிகமாக நகர்வதும் அதே தை, மாசியில்தான். சின்ன ரயிலுக்குச் சரக்கு கிடைக்க வேண்டிய மாதங்களில் அதன் போட்டியாளர் எந்த விலைக்கும் வரத் தயாராக நின்றார். ஆடி, ஆவணியில் உழவுக்கு மாடு போய்விடும், வண்டி வாடகை ஏறும். ஆனால் அப்போது அனுப்ப நெல் இருக்காது. லண்டனில் உட்கார்ந்து திட்டம் போட்டவர்கள் மாட்டு வண்டியைப் பழைய காலத்துப் பொருளாக எண்ணிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். 30 கிலோமீட்டர் தூரத்துக்கு அது மிகத் தேர்ந்த போக்குவரத்துச் சாதனம்.

சின்னக் கம்பெனிக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. அதன் ஒரு முனையில் அரக்கோணம், அங்கே பெரிய கம்பெனி. மறு முனையில் காஞ்சிபுரம், அதற்கு மேல் பாதை கிடையாது. முட்டுச்சந்து. சின்ன ரயிலில் வரும் சரக்கு எல்லாம் மதராஸ் ரயில்வேயின் தயவில்தான் சென்னைக்குப் போக முடியும். வேகன் தருவது அவர்கள், கட்டணம் வைப்பது அவர்கள். அந்தப் பெரிய கம்பெனிக்கோ நஷ்டம் பற்றிய கவலை இல்லை, 5 சதவீதத்துக்குக் கருவூலம் பொறுப்பு. உத்தரவாதம் வேண்டாம் என்று நேர்மையாக வந்த கம்பெனி, உத்தரவாதம் வாங்கிக்கொண்ட கம்பெனியின் வாசலில் நின்று பிழைக்க வேண்டியிருந்தது. இதை நியாயமான போட்டி என்று என்னால் எழுத முடியவில்லை.

பாதையை நீட்ட முதல் வேண்டும். லாபம் காட்டாத பாதைக்கு முதல் வராது. நீட்டாவிட்டால் லாபம் வராது. இந்தச் சுழலில் கம்பெனி சிக்கியது. பத்தாண்டு முடிவதற்குள் இந்தியன் டிராம்வே கம்பெனி ‘கர்நாடிக் ரயில்வே’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1874இல் கிரேட் சதர்ன் கம்பெனியோடு இணைந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் சவுத் இந்தியன் ரயில்வே, நம் தாத்தாக்கள் வாயில் எஸ்.ஐ.ஆர். வங்காளத்து நல்ஹாட்டி பாதையையும் சில ஆண்டுகளிலேயே அரசு வாங்கிக்கொண்டது. உத்தரவாதமில்லாமல் இந்தியாவில் ரயில் போட முடியாது என்று வாதிட்டவர்களுக்கு இந்த இரண்டு தோல்விகளும் வசதியாகப் போயின. இரண்டு முட்டுச்சந்துப் பாதைகளை வைத்து ஒரு நாட்டின் ரயில் கொள்கைக்குத் தீர்ப்பு எழுதுவது தவறு என்பது என் கருத்து.

இனிதான் சிங்கப்பெருமாள் கோவில் கதைக்குள் வருகிறது.

எஸ்.ஐ.ஆர். கம்பெனி மீட்டர் கேஜைத் தேர்ந்தெடுத்தது. 1870இல் மேயோ பிரபு காலத்தில் அரசு ஏற்றுக்கொண்ட அகலம் அது. சென்னையிலிருந்து தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு வழியாகத் திண்டிவனம்வரை 1876 செப்டம்பரில் ரயில் ஓடியது. 1877இல் கடலூர், மாயவரம், தஞ்சாவூர் என்று பழைய தெற்குப் பாதைகளோடு இணைந்தது. நாளைப் பாருங்கள். 1876 ஐப்பசி, கார்த்திகையில் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் வந்தது. சிங்கப்பெருமாள் கோவிலில் பாடலாத்ரி நரசிம்மர் குன்றின் கீழே புதிதாகப் போட்ட தண்டவாளத்தின் மீது முதல் பருவத்திலேயே பஞ்சகாலம் ஓடியது. அதே பஞ்சத்தில் நிவாரண வேலையாகச் சென்னைக்கு நடுவே கால்வாய் வெட்டி வடக்குக் கால்வாயையும் தெற்குக் கால்வாயையும் இணைத்தார்கள். பக்கிங்காம் கால்வாய் அப்படித்தான் முழுசாயிற்று. அதன் பிறகு நெடுங்காலம் மரக்காணம், கோவளம் பக்கத்து உப்பும் சவுக்கு விறகும் படகில் சென்னைக்கு வந்தன. கிழக்கே கால்வாய், நடுவே ரயில், பக்கத்திலேயே தெற்கு நோக்கிய பெருஞ்சாலை. செங்கல்பட்டு ஜில்லாவில் சரக்குக்குப் பஞ்சமே தவிரச் சரக்கு ஏற்றுவோருக்குப் பஞ்சமில்லை.

காஞ்சிபுரம் பாதையை எஸ்.ஐ.ஆர். என்ன செய்தது? 1870களின் கடைசியில் 3 அடி 6 அங்குலத்தைப் பிடுங்கிவிட்டு மீட்டர் கேஜ் போட்டது. 1880–81 வாக்கில் காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத், பழைய சீவரம், பாலூர் வழியாகச் செங்கல்பட்டுக்கு நீட்டியது. அவ்வளவுதான். முட்டுச்சந்து தெருவாகிவிட்டது. இப்போது அந்தப் பாதையின் இரு முனையிலும் இரண்டு பெரிய கம்பெனிகளின் பெரும்பாதைகள். தெற்கேயிருந்து வரும் சரக்கு சென்னை ஊருக்குள் நுழையாமலே அரக்கோணம் போய் பம்பாய்ப் பாதையைத் தொடலாம். ஒரு காலத்தில் 19 மைலுக்கு மூட்டை ஏற்றிய பாதையில் 200, 300 மைல் தாண்டி வந்த சரக்கு ஓடத் தொடங்கியது. ஊர் அதே ஊர், மண் அதே மண், மாட்டு வண்டியும் அதே மாட்டு வண்டி. மாறியது பாதையின் இரு முனையும்தான்.

அரக்கோணத்தில் மாற்றுகூலி மட்டும் ஒழியவில்லை. ஒரு பக்கம் மீட்டர் கேஜ் வேகன், எதிரே அகலப் பாதை வேகன், நடுவே மேடை. இடையே பலகையைப் போட்டுத் தலையில் மூட்டையோடு ஆட்கள் நடக்க வேண்டும். மீட்டர் கேஜ் சரக்கு வடக்கே போக வேண்டிய இடமெல்லாம் இதே வேலைதான், தலைமுறை தலைமுறையாக.

பெரிய கம்பெனிகள் தங்களுக்குள் போட்டி போட்டபோது என்ன ஆனது என்பது இன்னொரு பெரிய கதை. அமெரிக்காவில் ஒரே ஊருக்கு இரண்டு மூன்று கம்பெனிகள் இணையாகப் பாதை போட்டன. நியூயார்க் சென்ட்ரல் பாதைக்கு எதிரே ஹட்சன் ஆற்றின் மறு கரையில் வெஸ்ட் ஷோர் என்ற பாதையை 1883இல் திறந்தார்கள். இரண்டும் கட்டணத்தை வெட்டிக்கொண்டே போயின. அடுத்த ஆண்டே வெஸ்ட் ஷோர் திவாலானது. 1885இல் ஜே.பி. மார்கன் நடுவில் புகுந்து அதை எதிராளியிடமே குத்தகைக்கு ஒப்படைத்தார். தண்டவாளம் போட்ட பணம் போனது போனதுதான், திரும்ப எடுக்க முடியாது. ஆகவே நிலக்கரிக்கும் ஆள் கூலிக்கும் மேலே ஒரு காசு கிடைத்தாலும் ரயிலை ஓட்டுவது மேல் என்று இரு தரப்பும் எண்ணும். தை மாசத்து வண்டிக்காரரின் கணக்கும் இதுவேதான்.

நம் பக்கம் இப்படி இணைப் பாதை போட அரசு பெரும்பாலும் விடவில்லை. வடக்கும் மேற்கும் ஒருவருக்கு, தெற்கு ஒருவருக்கு என்று எல்லை பிரிந்திருந்தது. போட்டி எல்லையில் நடந்தது. ஈரோட்டுச் சரக்கு மதராஸ் ரயில்வே வழியாகச் சென்னைத் துறைமுகம் போவதா, எஸ்.ஐ.ஆர். வழியாக நாகப்பட்டினம் போவதா? தென்னார்க்காட்டு நிலக்கடலை சென்னைக்கா, 1879இல் ரயில் வந்துவிட்ட பாண்டிச்சேரிக்கா? மார்சேய்க்குக் கப்பலேறிய கடலையில் பெரும்பங்கு பாண்டிச்சேரி வழியாகப் போனது. இந்த இழுபறியில் கம்பெனிகள் கையாண்ட ஆயுதம் ஒன்று உண்டு. தன் பாதையில் முழுத் தூரமும் வரும் சரக்குக்கு மைல் கட்டணம் குறைவு. பக்கத்து ஜங்ஷனில் இறங்கி எதிராளி பாதைக்குப் போகும் சரக்குக்கு அந்தச் சொற்பத் தூரத்துக்கே கடுமையான கட்டணம். ‘பிளாக் ரேட்’ என்று பெயர். மறிப்புக் கட்டணம் என்று தமிழில் சொல்லலாம். குறைந்த தூரம் அனுப்புகிறவன் கூடுதலாகக் கொடுத்தான். 1887இல் அரசு சரக்குக் கட்டணத்துக்கு மேல் வரம்பும் கீழ் வரம்பும் விதித்தது. ஆனால் அந்த இரண்டு வரம்புக்கு நடுவே இருந்த இடம் மறிப்புக்குப் போதுமானதாக இருந்தது. ஆக்வர்த் கமிட்டி 1921இல் ரயில்களை அரசே நடத்த வேண்டும் என்று சொல்லும்வரை, சொன்ன பிறகும் வெகுகாலம், இது தொடர்ந்தது. எஸ்.ஐ.ஆர். நிர்வாகம் அரசின் கைக்கு வந்தது 1944இல். பழைய எதிராளிகள் இருவரும் 1951 ஏப்ரல் 14ஆம் தேதி தெற்கு ரயில்வே என்ற ஒரே குடைக்குள் வந்தார்கள்.

மறுபடி வாலாஜாபாத்துக்குப் போவோம். காரோடு ரயில் புறப்படுவதை அங்கே ஒரு காலை நேரத்தில் நின்று பார்த்தேன். பழைய பயணிப் பெட்டிகளின் சன்னல்களை அடைத்து, முனையில் கதவு வைத்து மாற்றிய வேகன்கள். ஒரு முனையில் சாய்தளம். டிரைவர் ஒருவர் காரை மெல்ல ஏற்றி, பெட்டிக்குப் பெட்டி இரும்புத் தட்டின் மீது ஓட்டிக்கொண்டே கடைசிப் பெட்டிவரை போகிறார். பக்கவாட்டில் ஒரு சாண் இடைவெளிதான். நிறுத்திவிட்டு உடம்பை ஒடுக்கிக்கொண்டு இறங்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வந்த வழியே நடந்து திரும்புகிறார். அடுத்த காருக்கும் இதே. ஏற்றுவதற்கு இவ்வளவு பாடுபட்டும் இது கட்டுபடியாகிறது. காரணம், அந்தக் கார்கள் இறங்கப்போவது அரக்கோணத்தில் அல்ல, 2,000 கிலோமீட்டருக்கு அப்பால்.

ஆனால் தொழிற்சாலைக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே அந்தக் கார் ஒருமுறை லாரியில் ஏறி இறங்கியாக வேண்டும். 1865இல் களத்துமேட்டுக்கும் காஞ்சிபுரம் ஸ்டேஷனுக்கும் நடுவே மூட்டை ஏறி இறங்கிய அதே செலவு. இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாராகத் தொடங்கி கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஒரகடத்தில் 2010 முதல் தயாராகிறது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை அந்தப் பெரிய தொழில் வட்டாரத்தின் குறுக்கே இன்றும் ஒரு ரயில் பாதை இல்லை. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்குச் சுமார் 60 கிலோமீட்டர் புதுப் பாதை 2013–14 ரயில்வே பட்ஜெட்டில் சேர்க்கப்பட்டது. ஒரு முனை பழைய மதராஸ் ரயில்வே பாதையில், மறு முனை பழைய எஸ்.ஐ.ஆர். பாதையில். முட்டுச்சந்தாக இல்லாமல் இரு பெரும்பாதைகளை இணைக்கும் விதமாகவே வரைந்திருக்கிறார்கள். காஞ்சிபுரம் பாதை எந்த மாற்றத்தால் பிழைத்ததோ, அதைத் தொடக்கத்திலேயே கொண்ட திட்டம் இது. இன்னும் அதில் ரயில் ஓடவில்லை.

அடுத்த இதழில் மொரப்பூர் – தருமபுரி – ஓசூர் குறுகிய பாதை. மோட்டார் பஸ்ஸோடு போட்டியிட முடியாமல் 1941இல் தண்டவாளத்தோடு பெயர்த்தெடுக்கப்பட்ட பாதை அது. அதற்குள் ஒரு வேண்டுகோள். அரக்கோணம், காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு பக்கத்து அரிசி மண்டிகளிலும் ஜவுளிக் கடைகளிலும் எஸ்.ஐ.ஆர். காலத்துச் சரக்கு ரசீதுகள், கணக்கு நோட்டுகள் இன்னும் பரணில் கிடக்கும். பழைய காகிதக்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்தக் காலத்து உண்மையான ஏற்றுகூலி எவ்வளவு என்பதை உங்கள் வீட்டுக் காகிதத்திலிருந்தே இந்தத் தொடரில் எழுத விரும்புகிறேன்.